தலைவர் மாட்டிய ஹெட்போன்

நூலகக் குழுத் தலைவர் வைத்திலிங்கம் புது ஹெட்போனோடு வாசிப்பறையில் உட்கார்ந்தால், யாருக்கும் படிப்பு ஓடாது. புத்தகம் அடுக்கும் தங்கபுஷ்பம்தான் துணிந்து சொன்னாள்: "ஐயா, சத்தம் வெளியே கேக்குது."

"வெளிநாட்டுச் சரக்கு! இதிலயா கேக்கும்? நிரூபி. முடியலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!" என்று உறுமிவிட்டு, சாயங்கால விழாவுக்காகப் பதிவுசெய்திருந்த தன் பேச்சை ஓடவிட்டார்.

பேச்சு முடிந்ததும் தங்கபுஷ்பம் கைதட்டினாள். அறையே சேர்ந்து தட்டியது.

"எதுக்கு இந்தக் கைதட்டல்?"

"பிரமாதமான பேச்சு ஐயா! அதுவும் 'நூலகத்தில் குண்டூசி விழுந்தாலும் கேட்க வேண்டும்'னு முடிச்சீங்களே!"

தலைவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, வேற எந்த ஹெட்போன் வாங்கலாம், நீயே சொல்லு."

"இது மாதிரி பின்பக்கம் சத்தம் கசியுற ஓட்டை இல்லாம, காதை முழுசா மூடுறதைப் பார்த்து வாங்குங்க. ஆமா, சாயங்காலம் நாங்க வரணுமா ஐயா? பேச்சைத்தான் கேட்டாச்சே!"