மௌனப் பலகை

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மௌன விரதம் எடுப்பவர் தன் அறைக் கதவில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிடுவார். மாட்டிவிட்டால் தீர்ந்தது. யாரும் கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

அந்தப் பலகையை அருணகிரி மாட்டினார் என்றதும் மடமே வாயைப் பிளந்தது. பின்னே? ஆள் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டையர் ஆகி மடத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகியும் அந்தத் தொண்டை அடங்கவில்லை. அவர் பஜனை பாடினால் அடுத்த ஊரில் கேட்கும்.

போன ஆடியில் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டாவது தடவை ஏற்றிக்கொண்டு வந்த நாலாம் நாள் கதவில் பலகை ஏறிவிட்டது.

"இவ்வளவு பெரிய வியாதி வந்தும் ஒரு முனகல் உண்டா பாருங்க! பக்குவம்னா இது" என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். டவுனிலிருந்து வந்த ஓர் அம்மாள் மூடிய கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். எல்லோரும் நல்லவர்கள்தான், என்ன சொல்ல! நல்லவர்களுக்குச் சில நேரம் கண்ணே தெரிவதில்லை.

உள்ளே அருணகிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வலி என்று பெரிதாக இல்லை. கட்டி சுருங்குகிறது, நல்ல சேதி என்று டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். அந்த நல்ல சேதி அவருக்குள் இறங்கவே இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சச் சோற்றை ஜன்னல் வழியே காக்கைக்குப் போட்டார். குளித்து ஒன்பது நாள் ஆயிற்று. வியாழக்கிழமை மூன்றாவது மருந்து. போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. எட்டு வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்தவன் பச்சைப் பிள்ளை மாதிரி அழுதால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்த வெட்கத்துக்குத்தான் பலகை.

மடத்தின் குரு குழந்தையம்மாள். அருணகிரியைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அம்மா. வெளியூர் போயிருந்தவர் புதன்கிழமை காலையில்தான் திரும்பினார். வந்ததும் வராததுமாக அருணகிரியின் புகழ் பாடினார்கள்.

"சாப்பிடறாரா?" என்று கேட்டார் அம்மா.

"தட்டு காலியாத்தான் வருது."

"குளிக்கிறாரா?"

அதைப் பார்க்க வேண்டும் என்றே ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அம்மா விடுவிடுவென்று போய்ப் பலகையைக் கழற்றினார். "ஐயோ, விரதம் அம்மா!" என்று ஒருவர் பதறினார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"கண்டக்டரே, எழுந்து உட்காருங்க."

அருணகிரி எழுந்தார். அம்மாவின் மடியில் பலகையைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்பது நாள் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது.

"விரதமெல்லாம் இல்லை அம்மா, எல்லாம் வேஷம். வெளியே கும்பிடறாங்க. உள்ளே நான் செத்துத் தொலைஞ்சா தேவலைன்னு படுத்துக் கிடக்கேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எதை? அழுகையையா? இத்தனை வருஷ சாதனை வீண்னு ஆயிடுச்சு. அதுக்கு டாக்டர் என்ன பண்ணுவார்?"

"வாந்தி வந்ததைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"வாய்ப்புண்?"

"அதையும் சொன்னேன்."

"வாந்தி வந்தப்போ சாதனை வீண்னு தோணிச்சா?"

"அது எப்படி அம்மா? அது நோயும் மருந்தும் பண்ற வேலை."

"சரி" என்றார் அம்மா. கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

அருணகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். நிஜமா ஞானம் வந்தவங்களுக்கு மனசு இப்படி இருட்டிக்கிட்டு வருமா?"

"இந்தப் பலகையை முதல்ல மாட்டினது யாரு?"

"நீங்கதான். மார்பில ஆபரேஷன் ஆன வருஷம், நாற்பது நாள் மௌனம் இருந்தீங்களாம். இங்க சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாங்களே."

"நாற்பது நாளும் நானும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தேன்."

அருணகிரி பலகையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ சமையல் பண்ணிட்டிருந்த செவத்தாள்தான் கதவை இடிச்சுத் திறந்துட்டு வந்தா. 'தவமாவது மண்ணாவது, சோறு இறங்காத ஆளுக்குத் தவம் ஒரு கேடா'ன்னு திட்டிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு டாக்டரம்மா முன்னாடி உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஒரு நாள், ரசத்தில உப்பு போதலைன்னு எனக்கே தெரிஞ்சுது."

"இதை ஏன் அம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"வெட்கம்தான். தப்புப் பண்ணிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாலயும் சொல்லிடப் போறேன். ஞானம் வந்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது, கண்டக்டரே. எனக்கு அந்த இருட்டு வந்துது."

அம்மா மடியிலிருந்த பலகையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ் எப்போ?" என்று கேட்டார் அம்மா.

"ஆறு இருபது." முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நானும் கூட வரேன்."

அருணகிரி தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"டாக்டர்கிட்ட என்னன்னு அம்மா சொல்றது?"

"என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. அவர் உங்களைக் கும்பிட மாட்டார். காது கொடுத்துக் கேட்பார்."