ஈர அங்கி துவைத்த பெர்சியாள் அம்மையார்

மலையடிவாரத்துப் பாப்திஸ்து சபைகளின் சங்க அலுவலகத்தில், ஞானஸ்நானம் பெறுவோர் உடுத்தும் வெள்ளை அங்கிகளைத் துவைப்பதே பெர்சியாள் அம்மையாரின் ஊழியம். நாற்பத்தொரு சபைகளுக்கும் சேர்த்து இருந்தவை முப்பது அங்கிகள்தாம். எந்தச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் என்றாலும் அம்மையார் அவற்றைத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பேருந்தில் கொண்டுபோவார். ஆற்றங்கரையில் பெண்களுக்குப் போர்வை பிடித்து மறைப்பார்; நனைந்த அங்கிகளை வாங்கிப் பிழிவார். மறுநாள் சேற்றுக்கறை போகக் கசக்கி, காயவைத்துத் தேய்ப்பார். தேய்க்கும்போது ஒவ்வோர் அங்கிக்கும் ஒரு ஜெபம். "ஆண்டவரே, இதை அடுத்து உடுத்தப்போறது யாருன்னு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும், பாத்துக்கும்." அவ்வளவுதான் ஜெபம்.

இப்படி இருபத்தெட்டு ஆண்டுகள். இடையில் கணவர் மறைந்தார். ஒரே மகளும் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அம்மையார் பெட்டியோடு பேருந்துக்கு நின்றார்.

"இன்னைக்குமாக்கா?" என்று கேட்டார்கள்.

"பதினோரு பேரு தண்ணியில இறங்கக் காத்திருக்காங்க. அவங்களுக்கு உடுத்த வேணுமில்லைங்களா" என்றார்.

அலுவலக எழுத்தர் பிலேமோன் கேலிக்காரர். "ஊரையெல்லாம் முங்க வைக்கறீங்க, நீங்க மட்டும் கரையிலயே நிக்கறீங்களேக்கா" என்பார்.

"நான் பதினெட்டு வயசுலயே முங்கியாச்சு தம்பி. கரையிலயும் ஒரு ஆளு வேணும், துண்டு பிடிக்க" என்பார் அம்மையார்.

ஏப்ரல் மாதம் அவருக்கு ஓய்வு. அந்தச் சங்கத்தில் பிரிவுபசாரக் கூட்டம், இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் கர்த்தருடைய பந்தியோடுதான் முடியும். பந்தியில் அமர்கிறவர், தாம் இன்ன சபையின் அங்கத்தினர் என்று அச்சபை தரும் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாதவருக்கு அப்பம் இல்லை. எத்தனை கடிதமோ அத்தனை துண்டாகவே போதகர் அப்பத்தைப் பிட்டு வைப்பார்.

அம்மையாருக்கு இருந்தது ஒரே ஆசை. உடன் உழைத்தவர்களோடு அந்தப் பந்தியில் ஒருமுறை அமர வேண்டும். ஏன் தெரியுமா? பந்தி எல்லாச் சபையிலும் மாதத்தின் முதல் ஞாயிற்றில்தான்; மாதம் ஒரு சபையில் வைக்கும் முழுக்கும் அன்றுதான். கரையேறியவர்கள் பந்திக்குப் போகும் நேரத்தில் அவர் ஈரத்துணியோடு ஆற்றில் இருப்பார். மற்றவர்களின் பிரிவுபசாரத்தன்றும் அவருக்குத் துவைப்புதான். இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் அப்பத்தைத் தொட்டதேயில்லை.

மலைமேல் இருக்கும் தம் ஊரான வேலிக்காட்டுச் சபைக்கு எழுதிக் கடிதம் கேட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் பதில் வந்தது. சங்கச் செயலாளர் ஓசியா அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

"அக்கா, ஆறு மாசம் தொடர்ந்து பந்திக்கு வராதவங்க பேரை எடுத்துடறது சபை ஒழுங்கு. உங்க பேரை எடுத்து இருபத்தேழு வருசம் ஆச்சாம்."

"நான் ஊழியத்துக்குத்தானுங்களே போயிருந்தேன்."

"எனக்குத் தெரியுங்க. அவங்க யாருக்கும் தோணலை போல. திரும்பச் சேர்க்கணும்னா சபை கூடி ஒப்புக்கணும். அடுத்த கூட்டம் ஜூன்லதான்."

"பந்தி நாளைக்குங்களே."

"நான் என்னக்கா செய்யட்டும்? ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாச் சபையும் கேக்கும்."

அம்மையார் வாதாடவில்லை. "சரிங்க" என்றார். அன்று ஐந்து அங்கிகள் தேய்க்கக் கிடந்தன. தேய்த்தார். ஜெபமும் குறையவில்லை.

மறுநாள் சால்வை போர்த்தினார்கள். பிலேமோன் பேச எழுந்து, கேலி எதுவும் கலக்காமல் "நன்றிக்கா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். பந்தி மேசைக்குத் துணி விரித்தபோது அம்மையார் எழுந்தார்.

"நாலரை பஸ்ஸை விட்டா மலைக்கு வேற இல்லைங்க. போயிட்டு வரேன்."

"வரேன்னு சொல்றீங்க, எப்பக்கா வருவீங்க?" என்றார் பிலேமோன்.

"வரமாட்டேன் தம்பி. வேற எப்படிச் சொல்லிக்கிறதுன்னு தெரியலை."

யாரும் அவரைத் தடுக்கவில்லை.

மேசைமேல் இருபத்திரண்டு கடிதங்கள். முதிய போதகர் எண்ணி இருபத்திரண்டு துண்டு பிட்டார். தட்டு எல்லோரிடமும் போய்த் திரும்பி வந்தது. அதில் ஒரு துண்டு இருந்தது.

"யாரு எடுக்கலை?" என்று ஓசியா கேட்டார்.

எல்லோரும் எடுத்திருந்தார்கள். போதகர் கடிதங்களை மறுபடி எண்ணினார். இருபத்திரண்டுதான்.

"ரெண்டு தரம் எண்ணித்தான் பிட்டேன்" என்றார் மெதுவாக. "ஆண்டவர் அந்தம்மாவுக்கும் சேத்துப் பிட வச்சிருக்கார்."

பிலேமோன் அந்தத் துண்டைக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு ஓடினார். பேருந்து முதல் வளைவைத் தாண்டிவிட்டிருந்தது. அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலிக்காட்டுக்கே போனார். அம்மையாரை அடக்கம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சபை கூடுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

தமக்கும் ஒரு பங்கு வைக்கப்பட்டதை இங்கே அறியாமலே போனார் பெர்சியாள் அம்மையார். வைத்தவரிடமே போய் அறிந்திருப்பார். பாக்கியவதி.