பலாப்பழத்துக்கு அஞ்சிய காட்டெருது

செந்நாய்களோடு நடந்த சண்டையில் காடே மெச்சப் போரிட்டது மலையன் என்ற காட்டெருது. சண்டை முடிந்தது, காயங்களும் ஆறின. ஆனால் குளக்கரையில் ஒரு பலாப்பழம் 'தொப்'பென்று விழுந்தால் போதும்! செந்நாய்கள் வந்துவிட்டதாக நினைத்துக் கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்துவிடும். ஒருநாள் அப்படிப் பாய்ந்தபோது எதிரே நின்றது அதன் சொந்தக் கன்று பொட்டு! மயிரிழையில் தப்பிய பொட்டு, அதன்பிறகு அப்பாவின் பக்கமே வரவில்லை.

மந்தைத் தலைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. "மழை தொடங்கினதும் மலைக்கு மேல மேயப் போறோம். அதுக்குள்ள நீ சரியாகலேன்னா இங்கேயே இருந்துக்க. கன்னுக்குட்டிங்க உயிரு முக்கியம்!"

உடனே மரத்திலிருந்து குதித்தது குரங்கு. அது எந்தச் சண்டைக்கும் போனதில்லை. ஆனால் யோசனை சொல்ல அது ஒரு தடையா?

"அண்ணே, நெஞ்சை நிமித்துங்க! 'எனக்குப் பயமே இல்லை'ன்னு கத்துங்க! எல்லாம் ஓடிப்போயிடும்!"

மலையன் கத்தியது. குளக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த செவலைக் குதிரைதான் விலகி ஓடியது.

"ஏன் தங்கச்சி ஓடுற? நான்தான் பயமில்லேங்கிறேனே!"

"வாய்தான் அப்படிச் சொல்லுது! உங்க நெஞ்சு படபடக்குறது இங்க வரைக்கும் கேக்குதே, அண்ணா! உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னா எங்க குதிரைச் சாதி கிட்டவே வராது!"

மலையன் முறைத்தது, உறுமியது, நெஞ்சை இன்னும் நிமிர்த்தியது. குதிரை இன்னும் தள்ளிப் போனது. கடைசியில் மலையன் தலையைத் தொங்கப்போட்டது.

"ஆமா தங்கச்சி, பயம்தான்! எந்தச் சத்தம் கேட்டாலும் என் தம்பியை நாய்ங்க இழுத்துட்டுப் போனதுதான் கண்ணுல தெரியுது!"

செவலை மெல்ல வந்து, அதன் கழுத்தில் முகத்தைச் சாய்த்தது. இரண்டும் சேர்ந்து மூச்சுவிட்டன. வெகுநாளைக்குப் பிறகு மலையன் அழுதது. அன்றுமுதல் தினமும் செவலையின் பக்கத்தில் போய் நின்றது.

மழை வந்தது! மந்தை கிளம்பியது! மலையனையும் கூப்பிடுவதா என்று தலைவி தயங்கிய நேரத்தில், தொப்! தொப்! பக்கத்திலேயே இரண்டு பழங்கள்!

எல்லாம் பதறி விலகின. மலையனின் கொம்பு தாழ்ந்தது, கால் மண்ணைக் கிளறியது. ஆனால் அது பாயவில்லை!

"எனக்குப் பயமா இருக்கு! யாராவது பக்கத்துல வாங்க!" என்று அலறியது.

மந்தை திகைத்து நின்றது. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது பொட்டு! அப்பாவின் நடுங்கும் காலோடு ஒட்டி நின்றது.

"நான் இருக்கேன்பா!"

நடுக்கம் மெல்ல அடங்கியது. "ரெண்டு பேரும் வாங்க, மலை ஏறணும்!" என்றது தலைவி. குளக்கரையிலிருந்து செவலை உற்சாகமாகக் கனைத்தது. குரங்கு மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே, "எனக்கும்கூட இடின்னா பயம்தான்" என்று முணுமுணுத்தது.

பயத்தை மறைக்கிற வீரனை யாராலும் நெருங்க முடியாது; அதை வாய்விட்டுச் சொல்கிறவனுக்குத்தான் துணை கிடைக்கும்.