பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சரசாள், போனஸ் பணத்தில் கொஞ்சம் பிட்காயின் வாங்க ஆசைப்பட்டாள். அதைப் போட்டுவைக்கும் டிஜிட்டல் பணப்பையான வாலட்டில் எது நல்லது என்று தெரியாமல், நிபுணர் தயாபரனின் இலவச வகுப்புக்குப் போனாள்.

"என் வாலட்தான் உசத்தி," என்றார் கோட்டு போட்ட தயாபரன். "அதைப் போனில் ஏற்றியதும் வரும் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளை எழுதி என்னிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கெல்லாம் பத்திரமாக வைக்கத் தெரியாது."

எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். சரசாளுக்கு மனசு ஒப்பவில்லை. எழுந்து நின்றாள்.

"எப்படி எழுதறதுன்னு பிடிபடலீங்க சார். மாதிரிக்கு உங்க பன்னெண்டு வார்த்தையைப் போர்டுல எழுதிக் காட்டுங்க."

தயாபரன் பதறிப்போனார். "விவரமே இல்லையா உனக்கு? அதைப் பார்த்தவன் என் பணத்தையெல்லாம் வழிச்சுட்டுப் போயிடுவானே!"

எழுதிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. ஒவ்வொருவராகத் தங்கள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள் சரசாள். "எந்த வாலட் வேண்டாம்னு நல்லாப் புரிஞ்சுதுங்க."