இரண்டு கட்டில்களுக்கு நடுவே

தணிகாசலத்துக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. மருந்துக் கம்பெனி வேலை போனபின் மென்பொருள் படித்து, ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்திருந்தார். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா, அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

அன்று காலை தணிகாசலம் சாப்பிடவில்லை.

முந்தின நாள் செங்கமலம் என்ற நோயாளியைப் பொது வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தணிகாசலம் எழுதிய புரோகிராம், பழைய வார்டிலிருந்து பெயரை எடுத்தது. புதிய வார்டில் சேர்ப்பதற்குள் சர்வர் நின்றுவிட்டது. திரும்ப ஓடத் தொடங்கியபோது, கணினியைப் பொறுத்தவரை அந்த அம்மா எந்த வார்டிலும் இல்லை. மருந்தும் வரவில்லை. செங்கமலத்தின் மகள் வந்து கத்திய பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

“முதல்ல சேர்த்துட்டு, அப்புறம் எடுத்திருக்கணுமோ மேடம்?”

“அப்பவும் நடுவுல நின்னுபோயிருந்தா?”

தணிகாசலம் யோசித்தார். “ரெண்டு வார்டுலயும் இருப்பாங்க. மருந்து ரெண்டு தடவை போகும்.” “அப்ப எதைத்தான் மேடம் முதல்ல செய்யறது?”

மெஹருன்னிசா எழுந்தார். காலியாக இருந்த ஓர் அறைக்கு அவரை அழைத்துப்போனார்.

“கட்டில்ல படுங்க சார்.”

படுத்தார். சற்றுத் தள்ளி ஒரு ஸ்ட்ரெச்சர் நின்றது. மெஹருன்னிசா வரச்சொல்லியிருந்த ஊழியர்கள் நாலு பேர் விரிப்பின் மூலைகளைப் பிடித்து அவரைத் தூக்கினார்கள். கட்டிலைத் தாண்டியதும் மெஹருன்னிசா, “நில்லுங்க” என்றார்.

விரிப்பு தொய்ந்தது. முதுகுக்குக் கீழே ஒன்றுமில்லை.

“பாதி வேலை சரியாத்தான் முடிஞ்சிருக்கு. இப்படியே விட்டுடலாமா சார்?”

“ஐயோ, வேண்டாம் மேடம்!”

மெஹருன்னிசா ஸ்ட்ரெச்சரைக் காலால் தள்ளினார். அது உருண்டு சுவரோரம் போய் நின்றது.

“இப்ப அங்கே வைக்க முடியாதே.”

“அப்ப பழைய கட்டில்லயே போட்டுடுங்க! ஏதாவது ஒரு இடத்துல இருக்கேன். நடுவுல மட்டும் விட்டுடாதீங்க!”

மெஹருன்னிசா கண்ணைக் காட்டினார். கட்டிலில் மெல்ல இறக்கினார்கள். தணிகாசலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. பிடித்த விரிப்பை அவர் கை இன்னும் விடவில்லை.

மெஹருன்னிசா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அருகில் உட்கார்ந்தார்.

“நடுவுல நின்னா, புரோகிராமும் பெயரைப் பழைய வார்டுலயே திரும்பப் போட்டுடணும். செங்கமலம் அம்மாவும் அதைத்தான் சார் கேட்டிருப்பாங்க.”