ஜீப் நின்ற இடம்

ஸ்டேடியம் கட்ட டெண்டர் போட்டவை மூன்று கம்பெனிகள். மூன்றுக்கும் மறைமுக முதலாளி மந்திரியின் மச்சான். மூன்று மேனேஜர்களும் இடத்தை நேரில் பார்த்ததாகத் தலையாரி மொக்கையன் கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சாயத்து ஆபீசில், கலெக்டர் முன்னாலேயே மச்சான் மிரட்டினார்: “போடு, இல்லேன்னா வேலை போயிரும்!”

“போட்டுர்றேங்கய்யா. நேத்து இடம் பாக்க வந்தப்ப ஜீப்பை எங்க நிறுத்தினாங்கன்னு மட்டும் இந்த மேனேஜருங்க சொல்லட்டும்.”

“இடத்துக்கு நட்டநடுவுல,” என்றார் ஒரு மேனேஜர்.

“நாங்களும் அங்கதான்,” என்றார்கள் மற்ற இருவரும்.

மொக்கையன் பின்பக்க ஜன்னலைத் திறந்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரி தளும்பிக் கிடந்தது.

“அந்தா, முக்குளிப்பான் குருவி முங்குதே, அதாங்கய்யா அந்த நட்டநடு. ரெண்டாள் ஆழத் தண்ணியில ஜீப்பை நிறுத்தின மகராசன்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்!” என்று மூவரையும் விழுந்து கும்பிட்டார்.

கலெக்டர் எழுந்து நின்று, தலையாரியைக் கும்பிட்டார்.