உப்புக் கடைக் கிளியும் கொடுக்காத காசும்

மந்திரவாதிகளும் மற்றவர்களைப் போலச் சந்தைக்கு வந்து, கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்கிய முன்னொரு காலத்தில், கருமலை நாட்டில் மாசானம் என்று ஒரு விறகுவெட்டி இருந்தான். மரத்தை வெட்டுவான், சுமப்பான், சந்தையில் இறக்கி வைப்பான். யாராவது தன்னை ஒரு சொல் சொல்லிவிட்டால் மட்டும் அதை இறக்கி வைக்க மாட்டான். சுமந்துகொண்டே திரிவான்.

அப்படி ஒரு சொல்லைச் சொன்னவன் மலையடிவாரத்து உப்புக் கடைக்காரன் பொன்னுலிங்கம். அவன் வீட்டுக் கல்யாணத்தில் அடுப்பு புகைந்து, சோறு வேகாமல், பந்தி தாமதமாகிவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, "மாசானம் போட்டது ஈர விறகு, வேறென்ன!" என்று சொல்லிவிட்டான். ஒரு கோடை முழுக்கப் பாறைமேல் காயப்போட்ட விறகு அது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள், ராஜா செத்து அவர் மகன் ராஜாவானான். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆனாலும் கஞ்சிக்கு உப்பு வேண்டுமே! அந்த வட்டாரத்தில் வேறு உப்புக் கடை கிடையாது. நல்லவேளை, பொன்னுலிங்கம் கடையில் சொக்கி என்று ஒரு பேசும் கிளி இருந்தது. மாசானம் கிளியிடம் கேட்பான். கிளி முதலாளியிடம் சொல்லும். முதலாளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே உப்பை அளந்து தள்ளுவான். கிளி காசை அலகில் வாங்கிக் கல்லாவில் போடும்.

ஒருநாள் காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக மாசானம் வந்து நின்றான்.

"கிளியே, ஒரு படி உப்பு வேண்டும் என்று அந்த ஆளிடம் சொல்லு. காய்ந்த உப்பாக இருக்கட்டும். போன தடவை ஈரம்."

பொன்னுலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "ஈரத்தைப் பற்றி யார் பேசுவது என்று அந்த ஆளைக் கேளு!"

"அண்ணாச்சி, ஈரத்தைப் பற்றி யார் பேசுவது என்று கேட்கிறார்."

"எனக்கும் காது இருக்கிறது என்று சொல்லு!"

"முதலாளி, அண்ணாச்சிக்கும் காது இருக்கிறதாம்."

"பிறகு நடுவில் நீ எதற்காம்? கேளு!"

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமாகக் கேட்கிறேன்!" என்று கத்திய கிளி, பறந்து போய் உத்திரத்தில் உட்கார்ந்து தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது. பொன்னுலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டே உப்பை அளந்து தள்ளினான். மாசானம் உப்பைத் துண்டில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தான். மூன்று பேருக்கும் கோபம். காசை யாரும் நினைக்கவில்லை.

மலைமேல் மாசானத்தின் மனைவி செண்டு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாக்கு எடுக்க அவன் மடியை அவிழ்த்தான். பாக்கோடு சேர்ந்து காசும் விழுந்தது.

"உப்பைப் போடாதே!"

உப்புப் பிடித்த கை அப்படியே நிற்க, "ஏன், உப்புக்குள் பாம்பா?" என்றாள் செண்டு.

"காசு கொடுக்கவில்லை."

"இவ்வளவுதானா? கடைக்காரர்தானே கேட்காமல் விட்டார். நாளைக்குக் கொடுத்தால் போச்சு."

"அந்த ஆள் உப்பைச் சும்மா தின்றேன் என்று ஆகிவிடும். அவனுக்குத் தெரியாவிட்டாலும் என் நாக்குக்குத் தெரியும். வாங்கினேன், கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை."

"போங்க, போங்க. அதுவரைக்கும் உங்கள் ரோஷத்தையே கஞ்சியில் கரைத்து வைக்கிறேன். அதுவும் கரிக்கத்தான் செய்யும்."

மாசானம் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் சொக்கி படபடவென்று எதிரே வந்தது.

"அண்ணாச்சி! முதலாளி கல்லாகிவிட்டார்! தராசுத் தட்டில் எடைக்கல்லாகக் கிடக்கிறார்!"

மூச்சு வாங்கிக்கொண்டு கிளி நடந்ததைச் சொன்னது. பல வருஷத்துக்கு முன்பு ஒருநாள் விடியற்காலை, குகை மந்திரவாதி வக்கிராசுரன் கடைக்கு வந்து கடனுக்கு உப்புக் கேட்டான். நாளின் முதல் வியாபாரம்தான் போணி. போணி நேரத்தில் எந்தக் கடைக்காரனும் கடன் கொடுக்க மாட்டான். "பிறகு வாரும்" என்றான் பொன்னுலிங்கம். மந்திரவாதி கண் சிவந்து சாபம் விட்டான்: "என்றைக்கு உன் போணிக் காசு வராமல் போகிறதோ, அன்றைக்கு நீ எடைக்கல்லாவாய். விளக்கு வைப்பதற்குள் அந்தக் காசு வந்து சேராவிட்டால், நீ என்றைக்கும் கல். கடை எனக்கு!"

"இன்றைக்குப் போணி நீங்கள்தான், அண்ணாச்சி."

மாசானத்தின் மனசில் ஒரு மூலையில் வெல்லம் கரைந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கல்லாகட்டும், கிடக்கட்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் மடியில் காசு உறுத்தியது.

"பறந்து போ. நான் வருகிறேன் என்று அந்தக் கல்லிடம் சொல்லு. வாங்கினேன், கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை."

கொஞ்ச தூரத்தில் பட்டுத் தலைப்பாகை கட்டிய வியாபாரி ஒருவன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். "விறகுவெட்டியாரே, உம் மடியில் உள்ள செப்புக்காசை எனக்குத் தாரும். ஒரு குடம் தங்கம் தருகிறேன்" என்றான். அவன் நிழலுக்கு மட்டும் கொம்பு முளைத்திருந்தது.

"அது என் காசு இல்லை. உப்பு என்னிடம் வந்தபோதே அது கடைக்காரன் காசாகிவிட்டது. அவன் காசை நான் எப்படி விற்பேன்?" என்று மாசானம் நிற்காமல் நடந்தான்.

பாதை மறைந்தது. இடுப்புயரம், ஆளுயரம், பனையுயரம் என்று முள்மரங்கள் கிளம்பின. விறகுவெட்டிக்கு மரத்தைக் காட்டினால் பயப்படுவானா? வெட்டினான், இழுத்தான், நடந்தான்.

கடைசியில் மந்திரவாதி காசின்மேலேயே கையை வைத்தான். காசு கனத்தது. அம்மிக்கல் கனம் கனத்தது. பிறகு ஆட்டுக்கல் கனம். மடி கிழிந்து காசு தரையில் விழுந்து புதைந்தது. மாசானம் அதைத் தோண்டி எடுத்தான். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தான், அதன்மேல் காசை ஏற்றினான். விரல்நுனி அகலக் காசைச் சுமந்துகொண்டு கழுத்து நரம்பு புடைக்க அவன் வருவதைப் பார்த்துச் சந்தைத் தெருவே சிரித்தது. சிரித்தவர்களையெல்லாம் மனசில் குறித்துக்கொண்டே நடந்தான்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் பொன்னுலிங்கத்தின் பலகையில் வக்கிராசுரன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டுப் பெண் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

மாசானம் காசைத் தட்டில் போட்டான். அது துள்ளி வெளியே விழுந்தது. மறுபடி போட்டான். மறுபடியும் விழுந்தது.

"அண்ணாச்சி, ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றது சொக்கி. "கொடுக்கிறவர் தன் வாயால் முதலாளி பேரைச் சொல்லி, வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது."

"இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பீர்களா?"

மந்திரவாதி தொடையில் தட்டிச் சிரித்தான். "இவனா பேசுவான்? கிளியே, இவன் என் ஜாதி. கடன் இல்லை என்ற ஒரு சொல்லுக்காக நான் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். ஈரம் என்ற ஒரு சொல்லுக்காக இவனும் காத்துக் கிடந்தான். வா மாசானம், பக்கத்தில் உட்கார். இனிமேல் உனக்கு உப்பு சும்மா."

மாசானம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே போன கன்னம், எரிகிற கண், யாரோ எப்போதோ சொன்னதை இன்னும் மென்றுகொண்டிருக்கிற வாய். ஊர்க் குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனியும்போதெல்லாம் அதில் தெரிந்த முகம்தான்.

எதிர்வீட்டில் திரி எண்ணெயில் நனைந்தது.

மாசானம் காசை எடுத்தான். தொண்டையில் இத்தனை வருஷத்துத் துரு. காறித் துப்பினான். பிறகு தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினான்:

"வே பொன்னுலிங்கம்! முசுட்டுப் பயலே! உப்பைக் கொடுத்தால் காசைக் கேட்டு வாங்கத் தெரியாதா உமக்கு? இந்தா, பிடியும்!"

காசு தட்டில் விழுந்தது, அசையாமல் கிடந்தது. கல்லில் ஒரு கீறல் ஓடியது. கீறலிலிருந்து ஒரு கை வந்தது. அந்தக் கை முதலில் காசை எடுத்தது. காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொன்னுலிங்கம் முழுதாக எழுந்து நின்றான். அந்த நொடியே சாபம் திரும்பி மந்திரவாதிமேல் பாய்ந்தது. பலகையில் ஒரு எடைக்கல் உருண்டது. நிறுத்துப் பார்த்தார்கள், எடை குறைவு. அதனால் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. தெருவே கடைமுன் கூடியிருந்தது. பொன்னுலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பப் போனான், ஆனால் திரும்பவில்லை.

"மாசானம்" என்றான். "அன்றைக்கு விறகு நல்லாக் காய்ந்துதான் இருந்தது. முந்தின ராத்திரி மழையில் பந்திச் சமையலுக்கு என் வீட்டில் வெட்டிய கோட்டையடுப்புதான் நனைந்து கிடந்தது. சம்பந்தக்காரர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு உம் தலையில் போட்டேன்."

தெரு முழுக்க அதைக் கேட்டது. மாசானத்துக்கு வேண்டியதும் அதுதான். தங்கக் குடத்தைப் பார்த்து இளகாத முகம் கொஞ்சம் இளகியது.

"என் கடைசி மகள் கல்யாணம் வருகிறது. விறகு நீர்தான் போட வேண்டும்."

"அடுப்பை முதலில் நான் தொட்டுப் பார்ப்பேன். சம்மதமா?"

"சம்மதம் வே."

சொக்கி நிம்மதியாகப் பழம் கொத்தப் போனது. மாசானம் மலையேறி வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே கஞ்சியில் உப்பைப் போட்டான்.

"எப்படி இருக்கிறது?" என்றாள் செண்டு.

"கொஞ்சம் தூக்கல்தான்" என்று சொல்லி, இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தான். அவர்கள் வயிறு நிறைந்தது. கேட்ட உங்களுக்கும் நிறையட்டும்.